மைக் செட்காரன் மகளும் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரும்

இரண்டு வருடங்களுக்கு முன், புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, திருச்சி தில்லை நகரில் ஒரு மாடி வீட்டில் நடந்தது இது. நான் ஸ்ரீரங்கத்தில் மைக் செட் வாடகைக்கு விடுபவன். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாத புரட்டாசியில் எனக்கு ஏது வேலை? அதனால்தான் மகளோடு கிட்டார் ஆம்ப்ளிஃபயர், அதாவது ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கும் பெட்டி, வாங்கப் போக நேரம் கிடைத்தது.

மகள் அப்போது இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பாள். அதிலும் ஹெவி மெட்டல். கேட்டிராதவர்களுக்குச் சொல்கிறேன், தகர ஷீட்டைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு ஓடினால் எப்படி இருக்கும், அப்படி. வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வாசிப்பாள் என்பதால் எங்களுக்குக் கேட்டதெல்லாம் வெறும் கம்பியின் டொக் டொக்தான். கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து ஒரு மியூசிக் பேண்ட் வைத்திருந்தார்கள். மூன்று வாரத்தில் போட்டி. சொந்த ஆம்ப்ளிஃபயர் இல்லையென்றால் அவள் இடத்தில் ஒரு பையனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து அவள் சேர்த்த பணத்துக்குப் பழையதுதான் கட்டுப்படியாகும். செல்போனில் பல நாள் தேடி, பல பேரிடம் பேசி, கடைசியில் அவளுக்குத் தோதாகத் தேறியது இந்த ஒன்றுதான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத் தொழில். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கோனில் நகக்கீறல் அளவு கிழிசல் இருந்தாலும் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். என் காதை யாரும் ஏமாற்ற முடியாது என்ற திமிர் எனக்கு நிறையவே உண்டு.

விற்பவர் முப்பது வயதுக்காரர். குழந்தை பிறந்ததிலிருந்து வாசிக்க முடியவில்லை, பெட்டி சும்மா தூசி படிந்து கிடக்கிறது என்றார். போனவுடன் எத்தனை வாட் என்று கேட்டேன். ஐம்பது என்றார். எங்கள் தொழிலில் அது ஒரு சந்துக்கே காணாது. மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். மகளின் கிட்டாரை வாங்கிச் சொருகி அவர் ஒரு இழு இழுத்ததும் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

"நிறுத்துங்க தம்பி. கோன் கிழிஞ்சு போயிருக்கு. இதைப் போய் விக்கிறீங்களே."

அவர் முகம் செத்துவிட்டது. "நான் பொத்திப் பொத்தித்தான் வச்சிருந்தேன் சார்" என்றபடி ஒயரைக் கழற்றப் போனார். கிளம்பலாம் என்று மகளுக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் நகரவில்லை.

"அப்பா, கொஞ்சம் இருங்க. ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு. இந்தச் சத்தத்துக்காகத்தான் நான் வந்ததே."

எனக்குச் சுருக்கென்றது. என் தொழிலில் எனக்கே பாடமா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அடுத்தவர் வீடு என்பதால் விழுங்கினேன். அவள் தரையில் உட்கார்ந்து கெயின் என்று எழுதியிருந்த குமிழை முழுக்கக் குறைத்துவிட்டு ஒரு கம்பியை மீட்டினாள். சுத்தமான, தெளிவான நாதம். குமிழைக் கொஞ்சம் ஏற்றி அதே கம்பி. பிறகு இன்னும் கொஞ்சம். ஏற்ற ஏற்ற நான் கிழிசல் என்று சொன்ன அந்தச் சத்தம் வந்து சேர்ந்தது.

"கோன் கிழிஞ்சிருந்தா, குறைச்சு வச்சப்பவே கிழிஞ்சுதானேப்பா கேட்டிருக்கும்?"

நான் கோளாறு கண்டுபிடிக்கும் முறையே அதுதான்.

பிறகு அவள் நிஜமாகவே வாசித்தாள். வலது கையின் ஓரத்தால் கம்பிகளை அழுத்திக்கொண்டு, நறுக்கு நறுக்கென்று வேகமாக. ஒரு தட்டுகூடப் பிசகவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் மகள் வாசித்து நான் காதாரக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. எனக்கு அந்த இசை பிடிபடவில்லை. ஆனால் வாசிப்பவள் கெட்டிக்காரி என்பது சத்தியமாகப் புரிந்தது.

அதற்கு நடுவிலும் என் காது சும்மா இருக்கவில்லை. தடித்த கம்பியை அவள் அடித்து நிறுத்திய பிறகும் 'கிர்ர்' என்று ஏதோ ஒன்று மிச்சம் இருந்தது. அதை மட்டும் திரும்பத் திரும்ப அடிக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியின் பின்பக்கம் போனேன். பலகையை உள்ளங்கையால் அழுத்தியதும் கிர்ர் நின்றது. இரண்டு ஸ்க்ரூ இல்லை, அவ்வளவுதான்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "அது எனக்குக் கேக்கவே இல்லப்பா" என்றாள். நான் அந்தத் தம்பியிடம், "கோன் கிழிஞ்சிருக்குன்னு சொன்னது என் தப்புங்க. பெட்டி அருமையா இருக்கு, மன்னிச்சுக்குங்க" என்றேன். சொல்லவேண்டியதாகத்தான் இருந்தது.

இந்தக் கலாட்டாவில் அவர் மனைவி குழந்தையைத் தோளில் போட்டபடி வாசற்படிக்கு வந்து நின்றிருந்தார். குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. "இவன் இதுக்குத் தூங்குவான்னு தெரிஞ்சிருந்தா நான் விக்கவே நினைச்சிருக்க மாட்டேன்" என்றார் அந்தத் தம்பி. எங்கே மனம் மாறிவிடுவாரோ என்று பணத்தை அவசரமாகக் கையில் கொடுத்து, பெட்டியை மொபெட்டின் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தோம். அன்று மாலையே இரண்டு புது ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன்.

போட்டி நாளன்று கல்லூரி அரங்கில் எனக்குத் தெரிந்த ஒருவர்தான் மைக் செட். பழக்க தோஷம், நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மேடையில் மகள் முதல் கம்பியை மீட்டியதுமே அவர் முகத்தைச் சுளித்தார். "எவனோ கிழிஞ்ச பெட்டியைக் கொண்டாந்து வச்சிருக்கான் அண்ணே" என்று சொல்லிக்கொண்டே சத்தத்தைக் குறைக்கக் கையைக் கொண்டுபோனார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"குறைக்காதீங்க தம்பி. இன்னும் கொஞ்சம் ஏத்துங்க. வாசிக்கிறது என் பொண்ணு."

இரண்டாம் பரிசுதான் கொடுத்தார்கள். அந்த நடுவர்களுக்குக் காது போதாது என்பது இன்றுவரை என் அபிப்பிராயம். ஆனால் எனக்கு ஒன்று மாறிவிட்டது. இப்போதெல்லாம் எந்த விழாவில் பழகாத சத்தம் கேட்டாலும், அதைக் குறைக்கக் கை போவதற்கு முன்னால், வாசிக்கிறவர் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.