சிலைக்கு மாட்டிய கண்ணாடி

பூங்காத் தோட்டக்காரர் மாலையில் வேலை முடிந்ததும், எழுத்தாளர் சிலையின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றிப் பழைய எவர்சில்வர் டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார். காலையில் அதை மாட்டிவிட்டுத்தான் தண்ணீர்க் குழாயைத் திறப்பார். பதினெட்டு வருடப் பழக்கம். ஆளுயரச் சிலையில் கண்ணாடி மட்டும் தனி. ஏற்கெனவே இரண்டு முறை திருடு போயிருந்தது. இன்னொரு முறை போனால் உன் வேலையும் போகும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

எழுத்தாளரின் நூற்றாண்டு விழாவன்று காலையில் டப்பாவைத் திறந்தார். உள்ளே மகளின் மதியச் சாப்பாடு. வீட்டில் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்கள். கண்ணாடி மகளோடு கல்லூரிக்குப் போய்விட்டது.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று வந்தார் வாசல் காவலாளி.

விஷயத்தைச் சொன்னார்.

"எழுதினதெல்லாம் போதும்னு கண்ணை மூடினவரு. இப்ப எதைப் படிக்கப் போறாராம்?"

"சிரிக்காதப்பா. பொண்ணுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு இருக்கு. இந்த வேலையை விட்டா எனக்கு வேற கதி கிடையாது."

காவலாளியின் சிரிப்பு நின்றது. தான் போட்டிருந்த கறுப்பு பிரேம் பவர் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "ஒரு மணி நேரந்தானே? மாட்டுங்க."

விழா தொடங்கியது. பேச்சுகள் எதுவும் தோட்டக்காரரின் காதில் ஏறவில்லை. வெயில் பட்டுக் கண்ணாடி மின்னும்போதெல்லாம் மேலாளரின் முகத்தைப் பார்த்தார். கடைசியில் பீடத்தில் ஏறிப் பூங்கொத்து வைத்த அதிகாரியின் கை கண்ணாடியில் பட்டது.

"என்னய்யா இது, இப்படி ஆடுது? நாளைக்கே எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்."

"இப்பவே ஒட்டிடறோம் சார்," என்றார் மேலாளர். பசையோடு ஆள் வந்தான்.

தோட்டக்காரர் காவலாளியைப் பார்த்தார். காவலாளி கண்ணை இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும். பசை காய்ந்தது.

"அடுத்த மாசம் புதுசு வாங்கித் தர்றேன்" என்று அன்று மாலை காவலாளியிடம் சொன்னார் தோட்டக்காரர்.

அடுத்த மாதம் மகளின் படிப்புச் செலவு வந்தது. அதற்கடுத்த மாதம் கூரை ஒழுகியது. வண்டி எண்களைக் குத்துமதிப்பாக எழுதிக்கொண்டிருந்த காவலாளியை ஒருநாள் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அன்றும் தோட்டக்காரர் குனிந்து புல் வெட்டிக்கொண்டேயிருந்தார்.

மகளுக்கு இது தெரியவந்தது மருத்துவமனையில், அப்பாவின் கடைசி வாரத்தில். "அந்தக் காவலாளிக்கு ஒரு கண்ணாடி வாங்கித் தரணும்மா. பவர் என்னன்னு கேட்டுக்கோ."

பட்டம் வாங்கிய மகள் பூங்கா அலுவலகத்தில் விசாரித்தாள். அந்தக் காவலாளி எங்கே போனார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.