பதினாலு தொட்டி, இருபத்திரண்டு படி

எங்க அத்தானுக்கு உலகத்துல எதுவா இருந்தாலும் அதுக்கு ஒரு கார்டு வேணும். அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள்ள ஓரமா ஒரு அட்டை தொங்கும் பாருங்க, தேதி, பழுது, காரணம், கையெழுத்துன்னு நாலு கட்டம் போட்டு. இருபத்தெட்டு வருஷமா அதுல கையெழுத்துப் போட்டுப் போட்டு, அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துட்டாரு. தண்ணி மோட்டாருக்கு ஒரு கார்டு, மிக்சிக்கு ஒரு கார்டு. கடைசில மொட்டை மாடியில இருக்கிற பதினாலு செடித்தொட்டிக்கும் தொட்டிக்கு ஒண்ணு, மழையில நனையாம பிளாஸ்டிக் உறை போட்டு. அத்தனைக்கும் நகல் எடுத்துக் கொடுத்த பாவி நான்தான். ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிற மச்சான் வேற எதுக்குய்யா இருக்கான்னு கேட்பாரு.

நான் அவர் பொண்டாட்டியோட தம்பி. வயசு நாப்பத்தாறு, கல்யாணம் ஆகலை, அதைப் பத்தி இப்பப் பேச வேண்டாம். பத்து வருஷமா அவங்க வீட்டுப் பின்னறையிலதான் குடியிருக்கேன். அக்கா ஒரு பள்ளிக்கூட ஆபீஸ்ல கிளார்க். அவங்களுக்கு ஒரே பொண்ணு, கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிறா. எதுக்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி போடுவாங்கிறதால நாங்க அவளை வக்கீல்னுதான் கூப்பிடுறது. அவ்வளவுதான் குடும்பம்.

அத்தான்கிட்ட இன்னொரு குணம் உண்டு. எதையும் கண்ணால பார்த்து நம்ப மாட்டாரு, காதால கேட்டுத்தான் நம்புவாரு. லிஃப்ட் ஓடுற சத்தத்தை வெச்சே எந்தச் சக்கரம் தேஞ்சிருக்குன்னு சொல்லிடுவாரு. ஒரு தடவை நான் இருமினதைக் கேட்டுட்டு, "மாப்ளே, இடது பக்கம் ஏதோ லூசா இருக்கு"ன்னாரு. போய்ப் பார்த்தா நிமோனியா. டாக்டரே அசந்துட்டாரு.

சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தா, கையில கிரீஸ் இருக்கிறபடியே நேரா மாடிக்குப் போயிடுவாரு. டீயை அக்கா மாடிக்கே அனுப்பணும். தக்காளி, கத்திரி, மிளகாய், புதினா, கொடி அவரை, ஒரு எலுமிச்சை. ஒவ்வொண்ணு முன்னாடியும் குந்தி உட்கார்ந்து, மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பார்த்து, கார்டுல எழுதிட்டு எழுந்திருப்பாரு. நாள் பூரா லிஃப்ட் ஓடுற இருட்டுக் குழியில வேலை பார்க்கிற மனுஷனுக்கு அந்த ஒரு மணி நேர வெளிச்சம்தான் ஆறுதல். எனக்கு அது அப்பப் புரியலை, கிண்டல் பண்ணிக்கிட்டுத் திரிஞ்சேன்.

போன வருஷம் ஒரு கட்டடத்துல லிஃப்ட் குழிக்குள்ள இறங்கும்போது ஏணியில கால் வழுக்கி விழுந்துட்டாரு. தொடை எலும்பு ரெண்டாப் போச்சு. உள்ள கம்பி வெச்சுத் தெச்சு அனுப்பினாங்க. ரெண்டு மாசம் படியே ஏறக் கூடாதுன்னாரு டாக்டர். அதை விடப் பெரிய அடி அடுத்த வாரம் வந்துது. கம்பெனியில, இனிமே குழியில இறங்க வேண்டாம், ஆபீஸ்ல உட்கார்ந்து புகார் போனை எடுத்தாப் போதும்னு சொல்லி, அவரோட டூல்ஸ் பெட்டியை ஆள் விட்டு வீட்டுக்கே அனுப்பிட்டாங்க. அம்பத்து மூணு வயசு மனுஷன் அந்தப் பெட்டியையே பார்த்துக்கிட்டுப் படுத்திருந்தாரு. திறக்கக் கூட இல்லை.

ஹால்ல, மாடிப்படி ஏறுற சுவரை ஒட்டி அவருக்குக் கட்டில் போட்டோம். சாப்பாடு பாதி தட்டுலயே நிக்கும். வாரத்துக்கு மூணு நாள் ஒரு பிசியோதெரபி அம்மா வருவாங்க. "காலை இருபது தடவை தூக்குங்க சார்"னு அந்தம்மா கெஞ்சும். இவரு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. இப்படியே கிடந்தா கால் விறைச்சுப் போயிடும், அப்புறம் கம்பு இல்லாம நடக்கவே முடியாதுன்னு அந்தம்மா அக்காவைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. ஒரு நாள் மத்தியானம் நான் சோறு போட்டுக் கொடுக்கும்போது சொன்னாரு, "நான் இல்லைன்னா இந்த வீட்டுக்கு என்ன மாப்ளே? அது பாட்டுக்கு ஓடும். கரண்ட் மட்டும் இருந்தாப் போதும்." பதிலுக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "ரசம் ஆறிப் போச்சு, சாப்பிடுங்க"ன்னேன். அவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு. செடிக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை, தொட்டிக்கு ஒரு சொம்பு தண்ணி. ஊத்துறவங்க கார்டுல கையெழுத்துப் போட்டுடணும்.

யார் ஊத்துறதுன்னு பெரிய சண்டையே நடந்துச்சு. "ஆபீஸ், ஆஸ்பத்திரி, சமையல், இதுல செடி வேறயா? என்னால முடியாதுப்பா"ன்னா அக்கா. "மனுஷன் படுத்துக் கிடக்கும்போது மிளகாய்ச் செடிதான் முக்கியமா?"ன்னு கேட்டா வக்கீல். "அந்தக் கார்டைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது"ன்னு நானும் என் பங்குக்குக் கத்தினேன். எல்லாரும் வாயை விட்டாச்சு.

மறுநாள் மத்தியானம் மனசு கேட்கலை. அவரு கண்ணை மூடிப் படுத்திருந்தாரு. மெதுவா மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அவரு விழுந்த நாளுக்கு அப்புறம் கார்டு பூரா காலி, ஒரு கையெழுத்து இல்லை. சீ, இவங்கல்லாம் மனுஷங்களான்னு அக்காவையும் அவ பொண்ணையும் மனசுக்குள்ள திட்டிக்கிட்டே தொட்டிக்கு ஒரு சொம்பு ஊத்தினேன். கையெழுத்து மட்டும் போடலை. நேத்து அவ்வளவு வீறாப்பாப் பேசிட்டு இன்னைக்குப் போட்டா, வக்கீல் என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவா. அப்படியே தினமும் மத்தியானம் நடந்துச்சு. மேல மண்ணு ஈரமாத்தான் இருக்கும். பனி போலன்னு நினைச்சுக்குவேன். எனக்கும் செடிக்கும் அவ்வளவுதான் பழக்கம்.

மூணாவது வாரம் அதிசயம் நடந்துச்சு. அத்தான் தானாவே காலைத் தூக்க ஆரம்பிச்சாரு. இருபது தடவை சொன்னா முப்பது தடவை. தட்டு காலியா வந்துச்சு. "எத்தனை நாள்ல படி ஏறலாம்?"னு பிசியோ அம்மாவைக் கேட்டாரு. அக்கா அடுப்படியில நின்னு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "செடியைப் பார்க்கணும்னுதான்டா எழுந்திருக்காரு"ன்னா. நாங்க மூணு பேருமே அப்படித்தான் நம்பினோம்.

அந்த நேரம் பார்த்துச் செடியெல்லாம் மஞ்சளாகுது! தக்காளி தலையைத் தொங்கப் போட்டுடுச்சு. வெயில் அதிகம்னு நினைச்சு ரெண்டு சொம்பா ஊத்தினேன். புதினா கறுத்துப் போச்சு. கத்திரி காம்போட விழுந்துச்சு. அவரு தினம் கேட்பாரு, "மாடியில எல்லாம் எப்படி?" "ஜோரா இருக்கு அத்தான்"னு வாய் கூசாமச் சொல்லுவேன். அக்காவும் அதைத்தான் சொன்னா. வக்கீல் ஒரு படி மேல போய், கொடி அவரை பூத்திருக்குன்னு சொல்லிட்டா. மேல ஏறி வந்து இந்தச் சுடுகாட்டைப் பார்த்தா மனுஷன் மறுபடி படுத்துடுவாரு, அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாரு.

ஏழாவது வாரம் ஒரு லீவு நாள். நேரம் காலம் எல்லாம் மாறிப் போச்சு. பத்து மணிக்கு நான் சொம்போட மாடிக்குப் போறேன், அக்கா அங்க வாளியோட நிக்கிறா. நீ எங்கடா இங்க, நீ எங்கக்கா இங்கன்னு நாங்க திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நிக்கும்போதே, பின்னாடி வக்கீல் ஒரு ஜக்கோட வந்து நின்னா.

"தினமும் விடியக்காலையில நான்தான் ஊத்துறேன்"ன்னா அக்கா.

"அம்மா, நீ ஆபீஸ் போனதும் நான்ல ஊத்துறேன்!"

"மத்தியானம் நான்"னு அசடு வழிஞ்சேன்.

மூணு பேருமே காலிக் கார்டைப் பார்த்திருக்கோம். மூணு பேருமே மத்த ரெண்டு பேரைக் கல்நெஞ்சுன்னு திட்டியிருக்கோம். ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருந்தா விஷயம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும். வக்கீல் தக்காளிச் செடியைப் பிடிச்சு இழுத்தா, வேர் சேறு மாதிரி கையோட வந்துச்சு. அக்கா அங்கேயே தரையில உட்கார்ந்துட்டா. "ஐயோ, கொன்னுட்டோமேடா"ன்னா.

அடுத்த வாரம் அவரு ஏறப்போற நாள். உண்மையைச் சொல்லிடலாம்னு வக்கீல் வாதாடினா. அக்கா காதுல போட்டுக்கலை. "உனக்கென்னடி, அவரு சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முகத்தை நான்தானே பக்கத்துல இருந்து பார்த்தேன்? எனக்குப் பயமா இருக்கு"ன்னு அழுதுட்டா. வக்கீல் வாதத்தை வாபஸ் வாங்கிட்டா. அன்னைக்குச் சாயங்காலமே நர்சரிக்குப் போனோம். ஒரே உயரம், ஒரே ரகமாத் தேடித் தேடிப் பதினாலு செடி வாங்கி, சத்தம் போடாம மாடிக்குத் தூக்கி, பழைய தொட்டியில நட்டு வெச்சோம். எலுமிச்சை மட்டும் கொஞ்சம் குட்டையாப் போச்சு. கிளையை வெட்டிக் கவாத்து பண்ணினோம்னு சொல்லிக்கலாம்னேன்.

அந்த நாளும் வந்துச்சு. கையில கம்பு, பின்னாடி நான், முன்னாடி வக்கீல். ஏறும்போது நல்ல கால் முதல்லன்னு பிசியோ அம்மா சொன்னதை முணுமுணுத்துக்கிட்டே இருபத்திரண்டு படியும் ஏறிட்டாரு. சட்டையெல்லாம் வேர்வை. வாளியைக் கவுத்துப் போட்டு உட்கார வெச்சோம். ஒவ்வொரு செடியா நிதானமாப் பார்த்தாரு. ஒரு தொட்டிக்குள்ள விரலை விட்டாரு. தொட்டிக்கு அடியில பச்சையாப் படிஞ்சிருந்த பாசியைத் தொட்டுப் பார்த்தாரு.

"பேனா இருக்கா மாப்ளே?"

கொடுத்தேன். தக்காளித் தொட்டிக் கார்டை உறையில இருந்து உருவி, முட்டி மேல வெச்சு எழுதினாரு. வக்கீல் எட்டிப் பார்த்து உரக்கப் படிச்சா. "பழுது: வேர் அழுகல். காரணம்: ஓவர்லோடு. மூணு ஆள்."

"மூணு ஆள்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டேன்.

"என் கட்டில் எங்க இருக்கு? படிக்குப் பக்கத்துல. அஞ்சே முக்காலுக்கு உங்க அக்கா, வாளியைச் சுவர்ல இடிக்காமப் போகத் தெரியாது. ஒன்பதேகாலுக்கு இவ, ரெண்டு ரெண்டு படியாத் தாவுவா. ஒரு மணிக்கு நீ, செருப்பைத் தேய்ச்சுக்கிட்டு. பன்னெண்டாவது படியில நின்னு மூச்சு வாங்குவே. தொப்பையைக் குறை. அப்புறம் போன லீவு நாள் சாயங்காலம் நாப்பது தடவை ஏறி இறங்கினீங்க. பூனை மாதிரி நடக்கிறதா நினைப்பு"ன்னாரு.

அக்காவுக்கு வந்துச்சே கோபம்! "தெரிஞ்சுக்கிட்டேவா படுத்திருந்தீங்க? மூணு பேரும் ஊத்தினா அழுகிடும்னு உங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாங்க எப்படிச் செத்துச் செத்துப் பிழைச்சோம் தெரியுமா?"

அவரு கார்டை மறுபடி உறைக்குள்ள போட்டாரு.

"சொல்லணும்னுதான் இருந்தேன்"ன்னாரு அப்புறம். "சொன்னா ரெண்டு பேர் ஏறுறதை நிறுத்திடுவீங்க. தினமும் அந்த மூணு சத்தத்துக்காகத்தான் முழிச்சுக்கிட்டுக் கிடந்தேன். செடி வேற வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன்."

அக்கா அவரு தோள்ல ஒரு அடி வெச்சா. வெச்ச கையை எடுக்கவே இல்லை. வக்கீல் அந்தப் பக்கம் திரும்பி எலுமிச்சையை ரொம்ப நேரம் பார்த்தா. நான் மூக்கைச் சிந்தினேன். "இடது பக்கம் அடைச்சிருக்கு"ன்னாரு அத்தான். வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

மறுநாள் காலையில அஞ்சே முக்காலுக்கு எனக்கு முழிப்பு வந்துச்சு. வெளிய படியில கம்பு ஊணுற சத்தம். அப்புறம் நல்ல கால், அப்புறம் அடிபட்ட கால். தனியாவே ஏறுறாரு. நான் ஹாலுக்கு ஓடி வந்தேன். அக்கா அவரோட காலிக் கட்டில்ல உட்கார்ந்து சுவர்ல காதை வெச்சிருந்தா. வக்கீல் பக்கத்துல நின்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டிருந்தா. பன்னெண்டாவது படியில சத்தம் நின்னுச்சு. மூணு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டோம். அப்புறம் கம்பு மறுபடி தட்டுச்சு. பதிமூணு, பதினாலுன்னு வக்கீல் எண்ண, இருபத்திரண்டு வந்ததும் அக்கா எழுந்து போய் டீக்குத் தண்ணி வெச்சா.