டோக்கன் இல்லாத நாளின் முட்டைகள்

அம்மாவின் கோழிக்கொட்டகை நின்றது அய்யாவின் களத்தில். சிக்கலுக்குப் பக்கத்தில், எங்கள் ஊரில், களம் என்றால் மிளகாய் காயும் இடம். மாசியில் பழம் பறித்துக் கொண்டுவந்து கொட்டினால் கால் வைக்க இடமிருக்காது. கார்த்திகையிலேயே அய்யா சொல்லிவிட்டார்.

"வத்தல் காயப்போடக் களம் வேணும். அதுக்குள்ள முட்டைய ஒழுங்கா வித்துக் காட்டுங்க, வேற எடத்துல கொட்டகை போட்டுத் தாரேன். இல்லையா, கறிக்கோழி யாவாரிக்குப் போன் போட்டுருவேன்."

விற்றுக் காட்ட வேண்டியவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிக் கல்லூரி வரை போனது நான் ஒருவன்தான். வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தேன். வளர்க்கிறது அம்மா, விற்கிறது படித்தவன் என்று பேச்சே இல்லாமல் முடிவாகிவிட்டது. உள்ளூரில் விற்க முடியாது. வாசலுக்கு வாசல் கோழி மேய்கிறது. ராமநாதபுரம் கடைகளில் நாமக்கல் லாரி முட்டை அட்டை அட்டையாக நிற்கிறது. ராமேசுவரம் ஊருக்குள் யாத்திரைக்காரர்களுக்கான சைவ ஓட்டல்கள். அதனால் பாம்பன் பாலம் தாண்டி, தீவில், பெரிய ரோட்டோரம் இருக்கிற அக்காள்மடத்தைப் பிடித்தேன். படகுக்காரர்களும் டிரைவர்களும் சாப்பிடுகிற சின்னக் கடை ஒன்று அங்கே உண்டு. நடத்துகிறவர் ஒரு மீனவ அக்கா.

எந்த நாளில் கொண்டுபோவது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கம் வியாபாரம் என்றால் சந்தை. சந்தை என்றால் வாரத்தில் ஒரு கிழமை. அம்மா வியாழக்கிழமை என்றாள், அப்படியே ஆயிற்று. முதல் நாள் இரவே முட்டைகளைத் துணியால் துடைத்து, கூர்முனை கீழே இருக்கும்படி அட்டையில் அடுக்கி, இடையில் வைக்கோல் கொடுத்துக் கட்டிவிடுவாள். இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ்ஸின் கண்டக்டர் என்னைக் கண்டாலே குரல் கொடுப்பார்.

"வாப்பா பட்டதாரி! எல்லாரும் படிக்கப் போயி முட்டை வாங்குவாய்ங்க. நீ படிச்சு முடிச்சுட்டு முட்டை தூக்குற. ஏலே, எதுக்கும் அடைக்கோழி மாதிரி மேல உக்காந்துறாத!"

அக்காள்மடத்து அக்காவோ அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுப்பில் நகரைமீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"வேணாம் தம்பி. கறிவேப்பிலைக்காரன் மாதிரி வாராவாரம் வந்து நிக்கிற. மீன் கெடக்கறப்ப எவன் முட்டை கேப்பான்?"

ஆனாலும் பாவம் பார்த்துக் கொஞ்சம் எடுத்துக்கொள்வார். மீதியைக் கடை கடையாகக் காட்டிவிட்டுத் திரும்பவும் பஸ் ஏறுவேன். பஸ் பள்ளத்தில் விழுந்து எழுந்து வீடு வருவதற்குள் அடி அட்டையிலிருந்து மஞ்சள் வழியும். வாரம் தவறாமல் இதேதான். எங்கள் வீட்டில் முட்டைக் குழம்பு, முட்டைப் பொரியல், திரும்பவும் முட்டைக் குழம்பு. அய்யா தட்டைப் பார்ப்பார், களத்தைப் பார்ப்பார்.

தை பிறந்து சில நாளில் காற்று கிளம்பியது. பாம்பனில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டதாகச் செய்தி. அந்த வாரம் வியாழக்கிழமை போகவில்லை. மழையும் காற்றுமாக இருக்கிற நாளில் சந்தை கூடாது, ஆள் வராது என்பது எங்களுக்குப் பழகிய கணக்கு. கோழிகளுக்கு அந்தக் கணக்கு இல்லை. முட்டை சேர்ந்துகொண்டே போனது. மறுநாள் காலையில் அய்யா என்னைக் கூப்பிட்டு யாவாரியின் நம்பரைப் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். நாளைக்கு வருகிறேன் என்றார் யாவாரி.

அம்மா எழுந்துபோய் அட்டைகளைக் கட்ட ஆரம்பித்தாள்.

"இந்தக் காத்துலயா? பாலத்துல பஸ்ஸே ஆடும்," என்றார் அய்யா.

"ஆடட்டும். வீட்டுல கெடந்து அழுகுறதுக்கு அங்கன போயி ஒடையட்டும்," என்றாள் அம்மா.

ரயிலை நிறுத்தியிருந்தார்கள், பஸ் ஓடியது. பாலத்தில் ஏறியதும் கண்டக்டர் இரண்டு அட்டையை என் மடியிலும் மீதியை என் பக்கத்தில் இருந்தவர்கள் மடியிலும் வைத்தார். "யாரும் தும்மிறாதீங்க," என்றார். கீழே படகுகள் வரிசையாகக் கட்டிக்கிடந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. அவற்றை நான் பார்த்தேன். அதற்கும் என் மடியில் இருந்ததற்கும் சம்பந்தம் இருப்பதாக அப்போதும் தோன்றவில்லை.

அக்காவின் கடையில் நிற்க இடமில்லை. கடலுக்குப் போகாத ஆண்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

"எங்க தம்பி போய்த் தொலைஞ்ச?" என்று அக்கா என் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கினார். "டோக்கன் குடுக்கல. படகு போகல. லாரி முட்டை விடியுமுன்ன தீந்துபோச்சு. மீன் மண்டிக் கெடக்கறப்ப தூக்கிட்டு வார, மீனே இல்லாதப்ப வீட்டுல படுத்துக்கிற. உன்னைய எந்தக் காலேசுலப்பா படிக்க வச்சாக?"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், ஏனென்றால் அதற்குள் அட்டைகள் காலியாகிக்கொண்டிருந்தன. மீன்துறை டோக்கன் கொடுத்தால்தான் விசைப்படகு கடலுக்குப் போகும். போன படகு மறுநாள் திரும்பும். புதன்கிழமை போகிற படகு திரும்புகிற நாள் வியாழக்கிழமை. நான் வாராவாரம் மீனோடு போட்டி போட்டிருக்கிறேன்.

ஆம்லெட் ஓய்ந்த நேரத்தில் அக்காவிடம் சொன்னேன். "லாரிக்காரனுக்குக் கிழமை கணக்குத்தான்க்கா. நெனச்ச நாள்ல அவனால வர முடியாது. நான் பஸ்ல வாரவன். டோக்கன் இல்லன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு போன் போடுங்க, மதியத்துக்குள்ள இங்கன நிப்பேன்."

அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அப்ப எங்காளுக கடலுக்குப் போகக்கூடாதுன்னு சாமி கும்பிடுவ, அப்படித்தான?"

"போகாத அன்னைக்கும் உங்க கடையில அடுப்பு எரியணும்லக்கா," என்றேன்.

"பேச மட்டும் படிச்சிருக்க," என்று நம்பரை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை அய்யா கோழிகளைப் பிடித்துக் காலைக் கட்டிக் களத்தில் போட்டிருந்தார். சொன்ன சொல் மாறாதவர். ஒரு நாள் விற்றதை அவர் விற்பனையாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் குளித்துக்கொண்டிருந்தபோது கட்டிலில் கிடந்த என் போன் அடித்தது. திரையில் வந்த பெயரை அய்யாவால் வாசிக்க முடியாது. யாவாரிதான் என்று நினைத்து எடுத்துவிட்டார்.

"வாங்க வாங்க, கோழி எல்லாத்தையும் கட்டிப் போட்டாச்சு. வந்து தூக்கிக்கங்க," என்றார்.

அந்தப் பக்கத்துக் குரல் நான் குளித்த தண்ணீர்த்தொட்டி வரைக்கும் கேட்டது. "கோழி எனக்கெதுக்குய்யா? முட்டை குடுத்துவிடுங்க. இன்னைக்கும் டோக்கன் இல்ல. உங்க மகன் வாரேன்னு சொல்லிருக்காரு. பக்கத்துக் கடைக்கும் சேத்துக் குடுத்துவிடுங்க."

அய்யா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். திரும்பக் காதில் வைத்தார். "எத்தன நாளைக்கு வேணும்?" என்று கேட்டார்.

"கடலைக் கேளுங்க!" என்றார் அக்கா. "சித்திரையில தடைக்காலம் வந்துட்டா விசைப்படகே போகாது. அப்ப தெனமும்தான்."

நான் ஈரத்தலையோடு வந்தபோது அய்யா குத்தவைத்துக் கோழிகளின் கால்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்ந்தவை கொஞ்சம் நொண்டிவிட்டு, உதறிக்கொண்டு, குப்பையைக் கிளறப் போயின. யாவாரி வந்ததும் சேவல்களை மட்டும் காட்டினார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கரைப் பக்கம் கிளம்பினார். புதுக் கொட்டகைக்குக் கருவேலங்கம்பு வெட்ட வேண்டும். மாசிக்கு நாள் கிட்டத்தில் இருந்தது.

போகும்போது அம்மாவிடம் கேட்டார்: "பாம்பன்ல காத்து நின்னுருச்சான்னு டீவில சொன்னானா?"

அவர் கடல் பக்கத்துச் செய்தி கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.