கடற்கரையில் ஒரு வாய் சிறுவாணி

பங்குனி வெயில் தாங்காமல் நானும் என் தோழி சுமதியும் இன்று கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறிக் கோழிக்கோடு போனோம். சாயங்காலம் கடலோரமாக நடந்தோம்.

சுமதியின் தோளில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். "ஊட்டுக் கொழாயில புடிச்ச சிறுவாணி டேம் தண்ணி, அவ்ளோ ருசி. வெளியூர்த் தண்ணி எனக்கு எறங்காது" என்று காலையிலிருந்தே பெருமை.

வழியில் தெருநாய் ஒன்று படுத்திருந்தது. அதனிடம், "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றாள்.

மணலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி சிரித்துவிட்டார். "ஏனுங்க, நாய்க்கும் 'ங்க' போடறீங்களே, நீங்க கோயமுத்தூருங்களா? நானும் அந்த ஊருதானுங்க, வடவள்ளி."

அப்புறம் என்ன, நாங்களும் உட்கார்ந்துவிட்டோம். சுமதி பாட்டிலை நீட்டினாள். "குடிங்க, நம்மூரு சிறுவாணி."

அவர் அண்ணாந்து ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடி யோசித்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி. உங்க ஊடு எங்கீங்க?"

"கணபதிங்க."

"அதானுங்க. அங்கெல்லாம் பில்லூர் டேம் தண்ணிதானுங்க வரும்."

கணபதிக்குக் குடிபோன ஆறு வருடமாக, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சிறுவாணி என்று சொல்லியே தண்ணீர் கொடுத்தவள் சுமதி. முகம் சுண்டிப்போனது.

அவர் தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். "இதக் குடிச்சுப் பாருங்க, எங்க வடவள்ளிக் கொழாயில வர்ற நெசச் சிறுவாணி."

சுமதி குடித்தாள். பிறகு மெதுவாக, "இன்னொரு வாய் தாரீங்களா?" என்றாள்.

இப்போது ரயிலில் இருக்கிறோம். அவர் கொடுத்தனுப்பிய பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு சுமதி தூங்குகிறாள்.

கடல் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், நாங்கள் சரியாகப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டுக் குழாயில் எந்தத் தண்ணீர் வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள். கணபதிக்காரர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், எழுந்ததும் சுமதி படிப்பாள்.