பக்கத்துக் கட்டில்காரியின் செருப்பு

கூடத்தில் பழைய செய்தித்தாள் ஒன்றின் மேல் ஒரு ஜோடி தோல் செருப்பு கிடக்கிறது. வலது கால் செருப்பில் விசேஷம் ஒன்றுமில்லை. இடது காலுக்கானதைப் பாருங்கள்: சுண்டுவிரல் பக்கம் அடித்தோல் குறுகி உள்வாங்கியிருக்கும், மேல்வார் மட்டும் இரண்டு மடங்கு அகலம். இரண்டு விரல் இல்லாத ஒரு காலுக்காக அளவெடுத்துத் தைத்தது. அந்தக் காலுக்குச் சொந்தக்காரி போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் மகன் நேற்று ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து இதை என் கையில் கொடுத்தான். அம்மா சொல்லச் சொன்னதாக ஒரு வாக்கியமும் சொல்லிவிட்டுப் போனான். அதைக் கேட்டு முதலில் சிரித்தேன், அப்புறம் அழுதேன். அது என்னவென்று சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் அவளுக்குச் செய்த துரோகத்தைச் சொல்லியாக வேண்டும்.

வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. வேலூருக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் நாங்கள் பதினோரு பேர் பயிற்சியில் இருந்தபடியே நர்சு வேலை பார்த்தோம். தோல் பதனிடும் ஷாப்புகளில் தொட்டி வேலை செய்கிறவர்களின் பெண்களும் கிராமத்துக் கூலிக்காரர் வீட்டுப் பெண்களும்தான் எங்களில் ஜாஸ்தி. குவார்ட்டர்சில் என் கட்டிலுக்கு அடுத்த கட்டில் அவளுடையது. ஊருக்கெல்லாம் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. எனக்கு அவள் கடைசிவரை பக்கத்துக் கட்டில்காரிதான். ஆள் குள்ளம், குரல் மட்டும் சந்தைக்கடை. தப்பு என்று பட்டால் எதிரில் நிற்பது டாக்டர் என்றும் பார்க்கமாட்டாள், "இன்னாத்துக்கு?" என்று கேட்டுவிடுவாள். எனக்கோ அந்த நாளில் வாயே கிடையாது. இப்போது என்னிடம் இருக்கிற வாய் அவளிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

எங்கள் பக்கத்துத் தோல் மூட்டை மூட்டையாகக் கப்பலேறிச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்தது. வார்டில் சீமைச் சிஸ்டர்கள் எல்லாரும் சப்பாத்து போட்டு நடந்தார்கள். நாங்கள் மட்டும் வெறுங்கால். சீழ், ரத்தம், கார்பாலிக் தண்ணீர், உடைந்த பாட்டில் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டுதான் வேலை. செருப்பு கேட்டபோது மேட்ரன் துரைசானியம்மாள் சிரித்தார். அவர் புத்தகம் பார்த்துத் தமிழ் படித்தவர். "உங்கள் ஜனங்கள் வீட்டிற்குள் பாதரட்சை தரிப்பதில்லையே. அது உங்கள் வழக்கம் அல்லவா?" என்று எங்கள் வழக்கத்தையே எடுத்து எங்கள் வாயை அடைத்துவிட்டார். போதாததற்கு ஒவ்வொரு வார்டு வாசலிலும் ஒரு போர்டு: வெறுங்காலுடன் நுழைபவர்கள் ஒவ்வொரு முறையும் கால் கழுவியே நுழைய வேண்டும். வேலை மும்முரத்தில் அதை யார் பார்த்தார்கள்? எழுதிய துரைசானியே மறந்துபோயிருப்பார்.

இன்னொரு பழக்கமும் அங்கே இருந்தது. வார்டில் ஏதாவது உடைந்தால், கொட்டினால், காணாமல் போனால் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காரணம் என்ற இடத்தில் நாங்கள் யோசிப்பதே இல்லை. "கவனக்குறைவு" என்று எழுதிவிடுவோம். அப்படி எழுதினால் கேள்வி இல்லை, ஒரு திட்டோடு போய்விடும். குரங்கு கூரை ஓடுகளைப் பிரித்துப்போட்டு மழை ஒழுகிப் பஞ்சு நனைந்தது, அதற்கும் கவனக்குறைவு. சோப்பைக் காக்கா தூக்கிக்கொண்டு போயிற்று, அதுவும் கவனக்குறைவு. கை தானாக அந்த வார்த்தையை எழுதும்.

சுண்ணாம்புத் தொட்டியில் தோல் மிதித்து மிதித்து இரண்டு கையும் காலும் வெந்துபோன பெரியவர் ஒருவர் ஆண்கள் வார்டில் கிடந்தார். ஒருநாள் காலை ஜன்னி கண்டு கட்டிலிலிருந்து உருண்டார். பக்கத்துக் கட்டில்காரி பாய்ந்து ஓடி அவரைத் தாங்கிப் பிடித்தாள். அவர் கை பட்டு மருந்து பாட்டில் உடைந்திருந்தது. ஒரு கண்ணாடிச் சில்லு அவள் இடது காலில் ஆழமாக ஏறிவிட்டது. அவரைப் படுக்கவைத்துவிட்டுத்தான் காலைப் பார்த்தாள். புத்தகம் எழுதும் முறை அன்றைக்கு என்னுடையது. யார், என்ன, எப்போது என்று எழுதினேன். காரணம் என்ற இடத்தில், வழக்கம்போல, கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

நாலாம் நாள் கால் பூசணிக்காயாக வீங்கியது. காய்ச்சல் ஏறியது. காலைக் காப்பாற்ற இரண்டு விரலை எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்துத் துரைசானியிடமிருந்து கடிதம் வந்தது: சொந்தக் கவனக்குறைவால் ஊனத்தைத் தேடிக்கொண்டவள் வார்டு வேலைக்கு லாயக்கில்லை, அடுத்த சனிக்கிழமைக்குள் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். படுக்கையில் கிடந்த அவளுக்குக் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன்.

"பொஸ்தகத்துல கவனக்குறைவுன்னு யாரு எழுதினது?" என்றாள்.

"நாந்தான்."

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "வூட்டுக்குப் போனா அடுத்த முகூர்த்தத்துல மாமன் தாலி கட்டிடுவான். அவன் மூஞ்சியும் அவனும்! கவனக்குறைவுன்னு பேரு வாங்கினவள வேற எந்த ஆஸ்பத்திரி சேக்கும்? எழுதினவளே போய் அந்த வார்த்தைய அடிச்சிட்டு வா." நான் போனேன். புத்தகம் ஆஸ்பத்திரியின் சொத்து, ஒரு எழுத்தைத் தொடக்கூடாது என்று துரைசானி கதவைச் சாத்திவிட்டார்.

எங்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. வீட்டிலிருந்து வரும் கடிதங்களை மேலிடம் பிரித்துப் படித்ததைத் தடுக்கத் தொடங்கிய சங்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டுத்துணி சுருட்ட உட்காரும்போது கூட்டம் நடக்கும்; வாய் பேசும், கை சுருட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஞாயிறு நான் எழுந்து, எழுதியது நான்தான் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நூறு தடவை அதே வார்த்தையை எழுதாத கை அங்கே ஒன்றுகூட இல்லை. வேலையை நிறுத்தலாம் என்றாள் ஒருத்தி. நோயாளிகளைப் போட்டுவிட்டு எப்படிப் போவது என்றாள் இன்னொருத்தி. கட்டையை ஊன்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கட்டில்காரிதான் வழி சொன்னாள்: "இன்னாத்துக்கு நிறுத்தணும்? போர்டுல இன்னா போட்டிருக்கோ அத்தச் செய்யுங்கடி."

திங்கட்கிழமை காலையிலிருந்து நாங்கள் கால் கழுவினோம். வார்டுக்குள் போகும்போதெல்லாம் கழுவினோம். புத்தகம் எடுக்க வெளியே வந்தால் திரும்பும்போது கழுவினோம். டாக்டர் பேனா மறந்துவிட்டார் என்றால் போய் எடுத்துவந்து, கழுவிவிட்டுத்தான் நீட்டினோம். ரத்தம் என்றாலும் பிரசவம் என்றாலும் கழுவாமல் ஓட வேண்டும் என்று சங்கத்தில் முடிவு செய்திருந்தோம்; அதில் ஒருத்தியும் பிசகவில்லை. ஆபரேஷன் அறைக்கான தண்ணீரையும் விடியற்காலையிலேயே தனியாகப் பிடித்து மூடிவைத்தோம். மற்றதெல்லாம் காலுக்கு. சித்திரை மாதம், பாலாறு வெறும் மணல், கிணறு அடியில் கிடந்தது. பகல் பன்னிரண்டுக்குத் தண்ணீர்த் தொட்டி காலி. டாக்டர் ரவுண்டு மத்தியானம் மூன்று மணிவரை இழுத்தது.

மூன்றாம் நாள் துரைசானி ஆண்கள் வார்டு வாசலுக்கே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "நீங்கள் யாவரும் ஏன் இவ்வண்ணம் செய்கிறீர்கள்?"

வாயில்லாத நான் அன்றைக்கு வாய் திறந்தேன். "போர்டுல போட்டிருக்கும்மா. நாங்க வெறுங்காலு."

உள்ளே கிடந்த சுண்ணாம்புத் தொட்டிப் பெரியவர் கட்டுப் போட்ட கையோடு எழுந்து உட்கார்ந்தார். "இன்னாம்மா அநியாயமா கீது? நாங்க கை வெந்து பதம் பண்ற தோலு சீமைக்குப் போவுது. என்னத் தாங்கிப் புடிச்ச பொண்ணு காலுக்கு ஒரு துண்டு கெடையாதா?"

துரைசானி பழைய பாட்டையே பாடினார்: வீட்டிற்குள் செருப்பு போடாதது உங்கள் வழக்கம்தானே? அதற்குள் கட்டை ஊன்றும் சத்தம் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரி வந்து வாசலில் நின்றாள். "வார்டு எங்க வூடு இல்லம்மா. எங்க வூடா இருந்தா சனிக்கெழமைக்குள்ள காலி பண்ணுன்னு கடுதாசி வருமா?" என்றாள். நான் புத்தகத்தை எடுத்துவந்து பிரித்தேன். குரங்கு, காக்கா, மழை என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வார்த்தை. காக்கா பறந்ததற்கும் எங்கள் கவனக்குறைவா என்று கேட்டேன். வார்டே சிரித்தது. துரைசானி சிரிக்கவில்லை, ஆனால் புத்தகத்தைக் கையில் வாங்கி நின்றபடியே ரொம்ப நேரம் புரட்டினார்.

அந்த வார்த்தையை அடிக்க விடவில்லை. கீழே எழுத விட்டார். நான் எழுதினேன்: மேலே நான் எழுதிய காரணம் பொய், நோயாளியைக் காப்பாற்ற ஓடியபோது காலில் செருப்பு இல்லாததால் நேர்ந்தது. அதன் கீழ் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டோம். பொய் எழுதியதற்காக என் பயிற்சிக் காலத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். நீட்டட்டுமே! அவள் கட்டில் காலியாகவில்லை. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் எங்களில் ஒருத்தியும் அந்த வார்த்தையை எழுதவில்லை.

செருப்புக்கும் அனுமதி வந்தது. பெரியவரின் தம்பி எல்லாருக்கும் தைத்துக் கொடுத்தார். அவளுக்கு மட்டும் இரண்டு நாள் உட்கார்ந்து அளவு பார்த்துத் தைத்தார். முதல் நாள் அவள் வார்டில் நடந்தபோது செருப்பு கிரீச் கிரீச் என்று கத்தியது. சத்தமில்லாமல் நடக்கக்கூடாதா என்றார் துரைசானி. "புதுத் தோலும்மா, கொஞ்ச நாளு கத்தும்" என்றாள் அவள், நடையை நிறுத்தாமலே. நான் புத்தகத்தில் எழுதியதைப் பற்றி மட்டும் என்னோடு அவள் பேசவே இல்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து என்னை "ஏய் கவனக்குறைவு" என்றுதான் கூப்பிட்டாள். என் கல்யாணத்தில், மேடையில், என் மாமியார் காது கேட்கவும் அப்படித்தான் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இருக்கும். நாற்பது வருஷம் அது குத்தலா கொஞ்சலா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கத் தைரியமும் இல்லை.

நேற்று அவள் மகன் வாசலில் கூச்சத்தோடு நின்றான். "தப்பா நெனைக்காதீங்க பெரிம்மா. அம்மா சொன்னத அப்பிடியே சொல்றேன்: செருப்ப கவனக்குறைவுக்குக் குடுத்துடு, அது காலாச்சும் பத்திரமா இருக்கட்டும்."

இன்று காலை நான் அந்தச் செருப்பில் காலை நுழைத்தேன். இடது காலில் எனக்கு இரண்டு விரல் ஜாஸ்தி. அவை வெளியே பிதுங்கித் தரையில் பட்டன. கூடத்தில் மெதுவாக ஒரு சுற்று நடந்தேன். அடுப்படியிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். "இன்னா அத்த இது, வூட்டுக்குள்ள செருப்போட? மொதல்ல கழட்டுங்க!"

"முடியாது போ" என்று சொல்லிவிட்டு இன்னொரு சுற்று நடந்தேன்.