பட்டம் பெறும் பாடகி

டீட்டிகோன் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சூரிச் வண்டி தாமதம். எனக்குப் பிடித்த ஜப்பானியப் பாடகியின் கடைசி நிகழ்ச்சி கைப்பேசியில் ஓடுகிறது. வெள்ளை கவுன், கை நிறையப் பூச்செண்டு, கண்ணீர். பக்கத்தில் இருக்கும் பெண்ணின் கழுத்து என் திரை வரைக்கும் நீண்டுவிட்டது. எரிச்சலோடு திரும்புகிறேன். என் பொட்டைப் பார்த்ததும் யாழ்ப்பாணத் தமிழிலேயே ஆரம்பிக்கிறார்.

“ஏன் பிள்ளை, இவ அழுகிறா?”

“கிராஜுவேட் ஆகுறாங்க அக்கா.”

“என்ன படிச்சவ?”

படிப்பெல்லாம் இல்லை, பாட்டுக் குழுவை விட்டு விலகுவதைத்தான் அங்கே பட்டம் பெறுவது என்பார்கள் என்று விளக்குகிறேன். பதினாலு வயதில் சேர்ந்தவள், இப்போது இருபத்தாறு.

“அப்ப வயசு போட்டுதெண்டு கலைச்சுப் போட்டினம்.”

“இல்லக்கா, அவங்களே விரும்பித்தான் போறாங்க. மேடையிலயே சொன்னாங்க.”

“ஆர் சொல்லிக் குடுத்தது?”

திரையைப் பார்க்கிறேன். பாடகி சிரித்தபடி குனிந்து வணங்குகிறாள். இத்தனை வருடம் நம்பிய அந்தச் சிரிப்பை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்க்கிறேன். பூச்செண்டு கொடுத்த கோட்டுக்காரர் ஏன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை?

வண்டி வருகிறது. அக்கா பையைத் தூக்குகிறார். அதற்குள் தலைகீழாக ஒரு பூச்செண்டு. சுற்றிய தாள்கூடப் பிரிக்கவில்லை.

“பிறந்தநாளா அக்கா?”

“இல்லைப் பிள்ளை. ஹோட்டல் லோண்டரியில எனக்கு இண்டைக்குக் கடைசி நாள். நானும் விரும்பித்தான் வேலையால நிக்கிறனாம். கேக் வெட்டேக்குள்ள முதலாளிமார் சொன்னவை.”