உறை கழற்றாத அடுப்பு

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இருக்கிறேன்.

வேலணையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு குசினி. தீவுப்பக்கத்தில் புதிதாக வீடு கட்டிய பலரும் செய்வதுதான். உள்குசினிக்கு மாபிள் பதித்து, அலுமாரி அடித்து, காஸ் அடுப்பு வைத்து, வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுவோம். மீன் வெட்டுவதும் சோறு கறி காய்ச்சுவதும் பின்னால் தகரம் போட்ட வெளிக்குசினியில். உள்ளே எண்ணெய் படியக்கூடாதாம், பாருங்கள்! நானும் அப்படித்தான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். காஸ் அடுப்பைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை.

அந்த வீடு சும்மா வந்ததில்லை. இடம்பெயர்ந்து அலைந்த காலத்தில் நானும் கணவரும் எத்தனையோ மாரியைக் கூரைக்குப் பதில் கட்டிய தறப்பாளுக்குக் கீழே கழித்தவர்கள். மழைக்குத் தறப்பாள் தொய்ந்து தண்ணீர் தேங்க, நடுச் சோற்றில் எழும்பித் தடியால் முட்டி வடித்துவிட்டு வந்து மிச்சத்தைச் சாப்பிடுவோம். இனி ஒரு நாளும் தறப்பாளுக்குக் கீழே இருக்கமாட்டேன் என்று சொல்லித்தான் வங்கியில் கடன் எடுத்து வீட்டைக் கட்டினேன்.

கடன் தந்த வங்கி, வீட்டுக்குத் தீக்காப்புறுதி கட்டாயம் என்றது. கரம்பொன்னில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி ஒரு காப்புறுதிக் கொம்பனியின் முகவர். பல்லை இளித்துக்கொண்டு படிவத்தோடு வந்தான்.

"கையெழுத்தை மட்டும் வையுங்கோ அக்கா, மிச்சத்தை நான் நிரப்புறன். நான் என்ன பிறத்தியானோ?"

வைத்தேன். வகுப்பில் "கேள்வியை வடிவா வாசி" என்று பிள்ளைகளுக்குத் தொண்டை கிழியக் கத்துகிற ரீச்சர் நான். ஒரு வரி வாசிக்காமல் வைத்தேன். சொந்தக்காரன் முன்னால் படிவத்தை விரித்து வைத்து வாசித்தால் அவனை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். எங்களுக்குள் இது ஒரு மரியாதை. நாசமாய்ப் போன மரியாதை!

இரண்டு வருடம் கழித்துக் கணவருக்குத் தொய்வு கூடி மூச்சு இழுத்தது. விறகுப் புகை ஆகாது என்றார் டொக்டர். உள்ளே போய்க் காஸில் சமைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள், நானும் என்னை அதைத்தான் கேட்கிறேன். நான் செய்தது வேறு. மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகளைப் போட்டு எரிக்கும் பெலட் அடுப்பு ஒன்றை யாழ்ப்பாணத்தில் வாங்கி வெளிக்குசினியில் பூட்டினேன். பூட்ட வந்தவன் தகரத்தில் ஓட்டை போட்டுப் புகைக்குழாயை மேலே விட்டான். குழாய்க்குப் பக்கத்திலேயே பனஞ்சிலாகை. அதே சிலாகைதான் உள்ளே நீண்டு வீட்டு ஓட்டுக் கூரையையும் தாங்கியது.

"தம்பி, சிலாகையிலை சூடு படாதோ?"

"அது ஒண்டும் செய்யாது அக்கா."

அந்த வருடம் காப்புறுதியைப் புதுப்பிக்க வந்த முகவர் தம்பி அந்த அடுப்பில் கொதித்த தேநீரைக் குடித்தான். "அருமையான அடுப்பு அக்கா, புகையே இல்லை" என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கொம்பனிக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒரு சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை.

அடுத்த புரட்டாதியில் ஒரு மத்தியானம், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, சிலாகை பற்றிக்கொண்டது. சோறு காய்ச்சிக்கொண்டிருந்த கணவர் வெளியே ஓடித் தப்பினார். அயல்சனம் கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றி அணைத்தது. நான் வந்து பார்க்கும்போது வீட்டுக் கூரையில் பாதி இல்லை.

அடுத்த நாள் காலை முகவர் தம்பி வந்தான்.

"அக்கா, வெளிக்குசினி வீட்டு வரைபடத்திலை இல்லை. காஸ் அடுப்பு, உள்ளுக்கை சமையல் எண்டுதான் படிவத்திலை கிடக்கு. புது அடுப்பு வைச்சால் எழுத்திலை அறிவிக்க வேணும். நீங்கள் அறிவிக்கேல்லையே."

"எடேய்! நீ அதிலை வைச்ச தேத்தண்ணியைக் குடிச்சனியெல்லோ!"

"அது நான் தம்பியாத்தானே அக்கா குடிச்சனான்."

கையில் விளக்குமாறு இருந்திருந்தால் என்ன நடந்திருக்குமோ தெரியாது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "கொம்பனியாலை பாக்க வாறவர் கேட்டால், சமையல் உள்ளுக்கைதான், வெளி அடுப்பு எப்பவாவது பனங்கிழங்கு அவிக்க மட்டும் எண்டு சொல்லுங்கோ. அலுவல் முடிஞ்சுது."

நான் பொய் சொல்லிப் பழகியவள் இல்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்தால் வீட்டுக்குள் இருந்தே வானம் தெரிகிறது. மாரிக்கு எத்தனை நாள் இருக்கிறது? ஓம் என்றேன்.

மதிப்பீடு செய்ய வந்தவர் வயதானவர், நிதானமானவர்.

"எங்கை ரீச்சர் சமைக்கிறனீங்கள்?"

"உள்ளுக்கைதான்."

"ஒருக்காப் பாக்கலாமோ?"

கதவைத் திறந்தேன். பெருமையோடு எத்தனை பேருக்குத் திறந்து காட்டிய கதவு! அவர் பிளாஸ்டிக் உறையை விரலால் தொட்டார். தூசி ஒட்டியது. குனிந்து கீழே பார்த்தார்.

"சிலிண்டர் எங்கை ரீச்சர்?"

சிலிண்டர் நாங்கள் வாங்கவே இல்லை. அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. எழுதிக்கொண்டு, தேநீரும் வேண்டாமென்று போய்விட்டார். இழப்பீடு தர ஏலாது என்று இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அதில் என் பிழை எல்லாம் வரிசையாக இருந்தது. முகவரைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

கார்த்திகை மழைக்குள் காப்புறுதியைப் புதுப்பிக்கும் தவணை வந்தது. வீடு எரிந்தாலும் கடன் முடியும்வரை காப்புறுதி இருக்க வேண்டும் என்கிறது வங்கி. படிவத்தோடு அவன்தான் வந்தான். வெட்கமில்லாமல் பேனையை நீட்டினான்.

"கையெழுத்தை மட்டும்..."

"இரு அந்தக் கதிரையிலை. ஒவ்வொரு கேள்வியா வாசி. நான் சொல்லச் சொல்ல எழுது."

வாசித்தான். சமையல் எங்கே? வெளியில். அடுப்பு? தீயில் தப்பிய அதே பெலட் அடுப்பு, நாள்தோறும் எரிவது. எழுதினான். தலைக்கு மேலே தண்ணீர் தேங்கிக் கனக்க, கணவர் தடியை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

"கூரை என்ன வகை?" என்று வாசித்துவிட்டு அவன் நிமிரவில்லை.

"தறப்பாள் எண்டு எழுது" என்றேன்.